குழாயைத் திறக்கச் சொன்னவர்

பொன்மேடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அங்கே வரைபடம் போடும் அலுவலகத்துக்கு ஆறு ஆண்டுகளாக மை வரவில்லை.

அந்த நாட்டில் பூவாறு ஓடியது. அதைக் காக்க ஒரே ஒரு சட்டம் இருந்தது. நீதிமன்றத்தில் நீதியரசரின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடம் வைத்திருப்பார்கள். அதில் இருப்பது சான்றுநீர். எந்தத் தண்ணீர் மேல் புகார் வந்தாலும் ஒரு குவளையில் பிடித்துவந்து குடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நல்ல தண்ணீர். வேறுபட்டால் கெட்ட தண்ணீர், அது வரும் வழியை அடைத்துவிட வேண்டும். எழுத்தறியாதவருக்கும் புரிகிற சட்டம். அதனாலேயே அரசுக்கு அதன் மேல் ஒரு வருத்தம் இருந்துகொண்டே இருந்தது.

உலகம்மை அந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மற்றவர்கள் நிலத் தகராறு, வாரிசுத் தகராறு என்று சௌகரியமாகப் பிழைக்க, இவள் மட்டும் தண்ணீர் வழக்குகளை எடுத்தாள். "தண்ணி வக்கீல்" என்று சக வழக்கறிஞர்கள் கிண்டலடிப்பார்கள். சொல்லிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவாள்.

ஒருநாள் கீழ்க்கரை ஊரிலிருந்து செல்லக்கிளி வந்தாள். கையில் செம்பு, செம்பில் ஊதாத் தண்ணீர்.

"திங்கக்கெழம செவப்பா வருதும்மா. செவ்வாக்கெழம நீலம். புதங்கெழம ரெண்டும் கலந்து இந்தா, இப்படி. இதத்தான் எம்புள்ளைக குடிக்குது. சின்னவளுக்கு ஒடம்பெல்லாம் புண்ணு. வேற தண்ணிக்கு நாங்க எங்கம்மா போவோம்?"

மேல்கரையில் தனபாலர் என்ற பெருவணிகரின் சாயப்பட்டறை இருந்தது. அதன் கழிவுக்குழாய் நேராக ஆற்றில் இறங்கியது. உலகம்மை செம்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தக் குழாய மூட வெக்காம நான் ஓய மாட்டேன், செல்லக்கிளி" என்றாள்.

வழக்கு ஒருநாள் காலையில் விசாரணைக்கு வந்தது. குடத்து நீர் பளிங்கு, குவளை நீர் ஊதா. நீதியரசர் வாகீசர் நல்ல மனிதர்தான், பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல். உணவு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு என்றார். அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அரசாணை வந்துவிட்டது. நீர்வளத்துறை அமைச்சர் கச்சிராயரே எழுந்தருளி அதை வாசித்தார்.

"சான்றுநீர் நூறாண்டுப் பழையது. பழைமை முன்னேற்றத்தின் பகை. ஆகவே இனி ஆண்டுதோறும் சான்றுக்குடம், மக்களின் சொந்த ஆறாகிய பூவாற்றிலிருந்து, பட்டறைக் குழாய்க்குப் பத்தடி கீழே, மேளதாளத்துடன் நிரப்பப்படும். அந்நீரே இந்நாட்டிலுள்ள நீர் அனைத்துக்கும் அளவுகோலாகும்!"

பொன்மேட்டில் ஆணைகளை வாசிப்பார்கள், கேட்பார்கள், கைதட்டுவார்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. மன்னரின் காதுக்குக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று அரண்மனை எழுத்தர் கடைசி வாக்கியத்தைத் தன் பங்குக்குச் சேர்த்திருந்தார். அன்றும் நன்றாகக் கைதட்டினார்கள்.

மறுநாள் குடமும் ஊதா, குவளையும் ஊதா. வழக்கு தள்ளுபடி.

உலகம்மை விடவில்லை. தண்ணீர் நாறுகிறதே என்று அடுத்த வழக்கைப் போட்டாள். உடனே இன்னோர் ஆணை வந்தது. பொதுமக்களின் மூக்கு உணர்ச்சிவசப்படக்கூடியது, ஆகையால் அரசு முகர்வாளர் முகர்ந்து சொன்னால்தான் அது நாற்றம். முகர்வாளராக நியமிக்கப்பட்டவருக்குப் பிறவியிலிருந்தே தீராத சளி. தகுதி அடிப்படையில்தான் எடுத்தோம் என்றார் அமைச்சர்.

பொன்மேட்டில் மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு; யார் ஜெயித்தாலும் நீர்வளத்துறைக்குக் கச்சிராயர்தான். பிறகு தேர்தல் வந்தது. நின்ற இரண்டு கட்சிகளும் ஆற்றைச் சுத்தம் செய்வோம் என்றன. ஜெயித்த கட்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தலைநகரின் நடுவில் பூவாற்றுக்கு ஒரு பளிங்குச் சிலை வைத்து, அதைத் தினமும் இரண்டு வேளை துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டது.

கீழ்க்கரையில் முதலில் மாடுகள் செத்தன, பிறகு கிணறுகள் நிறம் மாறின. பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டன. செல்லக்கிளியின் சின்னவளுக்கு இப்போது இடுப்பில் ஒரு குழந்தை. அதற்கும் உடம்பெல்லாம் புண்.

கச்சிராயர் ஒருமுறை உலகம்மையை அழைத்துப் பேசினார். "அம்மையே, தங்கள் ஆற்றல் வீணாகலாமா? நதிநல ஆலோசகர் பதவி காலியாக உள்ளது. பல்லக்கு உண்டு. பணி ஏதும் இல்லை."

"பணி இல்லாத பதவிக்குத் தனபாலர் வீட்டுல ஆளா இல்லை? அவங்களுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். பதின்மூன்று வருஷம், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட மாற்ற முடியவில்லையே என்று அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வாசலில் தபால் கிடந்தது. முதல் ஆணைக்கு நகல் கேட்டு அந்தக் காலத்தில் போட்ட மனுவுக்கு இப்போதுதான் நகல் வந்திருந்தது. நின்றபடியே படித்தாள். கடைசி வரியில் 'நீர் அனைத்துக்கும்' என்ற இடத்தை மூன்று தடவை படித்தாள்.

"அடி சக்கை!" என்றாள்.

அரண்மனைக்கு ஆற்று நீர் போவதில்லை. மலைச்சுனையிலிருந்து மூடிய கால்வாய் வழியாகத் தனி நீர் போயிற்று. மறுநாள் உலகம்மை அந்தச் சுனையின் மேல் வழக்குப் போட்டாள். சுனைநீர் சான்றுநீரிலிருந்து வேறுபடுகிறது, ஆகவே சட்டப்படி அது கெட்ட நீர். மன்னரின் திருமேனியைக் கருதி அந்த வழியை உடனே அடைத்து, சட்டப்படி நல்ல நீரான பூவாற்று நீரை அரண்மனைக்கு விட வேண்டும்.

நீதியரசர் வாகீசர் குடத்தைப் பார்த்தார். ஊதா. குவளையைப் பார்த்தார். பளிங்கு.

"அம்மா, இதை நான் எப்படி..." என்று முனகினார்.

"கண்ணால பாத்துச் சொல்லுங்க ஐயா. ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பயந்தவர்தான், ஆனாலும் ஊதாவைப் பளிங்கு என்று சொல்லும் அளவுக்குப் பயம் வரவில்லை. "வேறு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் அரண்மனையில் சோறு ஊதாவாக வெந்தது. மன்னர் இலையைப் பார்த்தார், எழுந்தார், 'பட்டறைக் குழாயை மூடுக' என்று கைப்பட எழுதி முத்திரை வைத்தார். ஓலை பட்டறைக்குப் போனது. காவலாளி வேலப்பன் ஒரு இரும்புச் சக்கரத்தை நான்கு சுற்றுச் சுற்றினான். குழாய் நின்றுவிட்டது. மூட முப்பது ஆண்டாகும் என்று நிபுணர் குழு நான்கு அறிக்கை கொடுத்திருந்த குழாய் அது.

ஐந்தாம் நாள் பூவாற்றில் அடிமணல் தெரிந்தது. செல்லக்கிளி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அது சிரித்தது, இவள் அழுதாள்.

ஆறாம் நாள் புதிய ஆணை வந்தது. இனி அளவுகோல் அரண்மனைக்குப் பொருந்தாது, சுனை திறக்கப்படும். குழாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் தொழில் நலன் கருதி அதையும் திறந்துவிடலாம் என்று கச்சிராயர் பரிவாரத்துடன் மேல்கரைக்கு வந்தார். சக்கரத்தைச் சுற்றிக் கீழ்க்கரை மொத்தமும் நின்றது. நடுவில் உலகம்மை, கையில் பேனாவும் காகிதமும்.

"மன்னர் மூடச் சொல்லி எழுதினது இங்க இருக்கு. திறக்கச் சொல்லி எழுதினது எங்க?" என்று கேட்டாள்.

"வாய்மொழி ஆணை, அம்மையே."

"சரி. யார் வாய்? மன்னர் முத்திரைய மீறினதுக்கு நான் வழக்குப் போடணும். பேர் வேணும். நீங்க சொன்னதா எழுதிக்கட்டுமா?"

அமைச்சர் அவசரமாகத் திரும்பிச் செயலரைப் பார்த்தார். செயலர் கீழ்ச்செயலரைப் பார்த்தார். கீழ்ச்செயலர் வேலப்பனைப் பார்த்தார். "சுற்றடா!"

வேலப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "நானும் கீழ்க்கரைதாங்க. எழுதிக் குடுத்தா சுத்துறேன்."

மன்னரிடம் ஆள் ஓடியது. அடுத்த தேர்தலுக்கு இரண்டே மாதம், இரண்டு கட்சிகளும் மன்னர் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கும். ஊதா ஆற்றின் கீழே தன் பெயரைப் போட மன்னர் தயாராக இல்லை. அது அமைச்சரின் பொறுப்பு என்று பதில் வந்தது. துறையின் பொறுப்பு என்றார் அமைச்சர். தனபாலரைக் கேட்டார்கள், தான் வெறும் வணிகன் என்றார். நிபுணர் குழு, நாங்கள் கருத்து மட்டுமே சொல்வோம் என்றது. இத்தனை காலம் குழாயை மூட ஒருவரும் பொறுப்பேற்காத நாட்டில், அன்று அதைத் திறக்கவும் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் பல்லக்குகள் திரும்பிப் போயின.

"போயிட்டாங்கம்மா. ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"இல்ல. நாளைக்கு எவனாவது துணிஞ்சு வருவான்" என்றாள் உலகம்மை. வேலப்பனின் முக்காலியை இழுத்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மடியில் காகிதத்தை வைத்து, மேலே 'எதிரியின் பெயர்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டாள்.