எர்த் குழிக்கு அபிஷேகம்

மேடையேறிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிடக் கூடாது. மைக் பிடித்துப் பழகிய கை, அதையும் மைக்காகத்தான் பிடிக்கும்.

அந்நாட்களில் நான் சித்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. ஊர் ஊராகப் போய், பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிகளைக் கூட்டி, ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள், கசியும் கரண்டைப் பூமிக்குள் இறக்கும் எர்த் குழியைக் காயவிடாதீர்கள், உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று முழங்குவேன். (கேட்டுக்கினு இருந்தவங்க டீ வந்ததும் எழுந்து போய்டுவாங்க. அது வேற.) அந்தப் புகழ் எப்படியோ குடும்பத்துக்குள் பரவி, கரண்ட் விஷயமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று ஆகியிருந்தது.

திருப்பதியில் இருந்த என் அத்தைக்கு இரண்டு முட்டியிலும் வலி. அவர் மகன் சேகர் அத்தானுக்கு டல்லஸில் சாஃப்ட்வேர் வேலை. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து முதலில் விமானம் ஏறியவர் அவர்தான். அங்கே இருக்கும் எதையும் இங்கேயும் நிறுவிவிடலாம் என்று நம்புகிறவர். விடுமுறைக்கு வந்தவர், அம்மாவின் முட்டிக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு ஹாட் டப்பை லாரியில் வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தினார். வெந்நீர் சுழன்று சுழன்று உடம்பைப் பிடித்துவிடும் தொட்டி அது. அதில் உட்கார்ந்து முட்டி தேறினால் அத்தை திருப்பதியிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் மகனோடு டல்லஸுக்குப் புறப்பட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அத்தைக்குப் போக மனமில்லை. “அங்க கதவத் தொறந்தா ஒரு ஆளு கெடையாதாம்மா. காருங்கதான் போய்க்கினு இருக்குமாம். நான் யார்கூட சண்ட போடறது?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வியாகவே எனக்குப் பட்டது.

ஒருநாள் அத்தான், அத்தைக்குத் துணையாக என்னை விட்டுவிட்டு, சித்தூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கென்று பெரியப்பா தலைமையில் ஊர்ச் சொந்தங்கள் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு, நடந்தே இறங்கி வந்து சேர்ந்தார்கள். தலையெல்லாம் சந்தனம், காலெல்லாம் வலி. அத்தையின் விருந்தோம்பலுக்குக் காப்பி போதவில்லை. அவ்வளவு பெரிய தொட்டி சும்மாதானே இருக்கிறது, இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார். முறை வைத்து இறங்கினார்கள். பெரியப்பா உச்சந்தலை வரை ஒரு முழுக்குப் போட்டு எழுந்து கண்களை மூடிக்கொண்டபோது, தொட்டித் தண்ணீர் பாயச நிறத்துக்கு வந்திருந்தது. பிறகு உள்ளே ஏதோ முனகியது. கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் விழுந்தது. வீட்டில் மின்விசிறிகள் நின்றன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் விளைவுகளை எடைபோட்டேன். தொட்டி கெட்டால் முட்டி கெடும். முட்டி கெட்டால் டல்லஸ். ஒரு மூத்த பெண்மணி விருப்பமின்றிப் புலம்பெயர்வதைத் தடுக்கும் பொறுப்பு என் தோளில் இறங்கியிருக்கிறது. (இப்டியேதான் நெனச்சேன்.) ஆட்களை வெளியேற்றி மெயினை அணைத்தேன். அதுவரை எல்லாம் சரி. அடுத்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நானோ ஷெட்டின் படியில் ஏறி நின்று, எர்த் காய்ந்துவிட்டது என்று அறிவித்தேன்.

காம்பவுண்டு ஓரத்தில் எர்த் குழி இருந்தது: ஒரு சிமெண்டுக் கட்டம், நடுவில் ஒரு குழாய். ஊறுகாய்க்கு வைத்திருந்த கல்லுப்பு மூட்டையை அதன்மேல் கவிழ்த்தேன். மெயின் அணைந்ததால் போர் மோட்டார் ஓடாது; ஆகவே தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றச் சொல்லி, நீர் மறுபயன்பாடு குறித்துச் சிறு உரையும் ஆற்றினேன். மொட்டைத் தலைகள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றின. வெதுவெதுப்பான சந்தனத் தண்ணீர் உப்பின்மேல் வழிய வழிய, காம்பவுண்டு முழுக்கக் கோயில் வாசனை.

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்து, “ஏ அம்மவாரண்டி?” என்றார். எந்த அம்மன் என்று கேட்கிறார். கசியும் கரண்ட் பூமிக்குள் இறங்கும் விதத்தை என் அரைகுறைத் தெலுங்கில் எடுத்துரைத்தேன். அவர் பக்தியோடு முழுவதையும் கேட்டார். வீட்டுக்குப் போய் மஞ்சள் குங்குமத்தோடு திரும்பினார். பின்னாலேயே தெருவும் வந்தது.

அப்போதுதான் அத்தான் கேட்டைத் திறந்தார். நேராக ஷெட்டுக்குள் போய் ஃபில்டரை உருவினார். அது சந்தனக் கட்டையாகவே மாறியிருந்தது. ஃபில்டர் அடைத்து, தண்ணீர் ஓடாமல், ஹீட்டர் காய்ந்து வெடிப்பு கண்டிருக்கிறது. அதில் கசிந்த கரண்ட் எர்த்துக்குப் போனதால்தான் ட்ரிப்பரே விழுந்ததாம்.

“எர்த்து நல்லா கீது. அதனாலதான் பெரியப்பா உயிரோட கீறாரு” என்றார் மெதுவாக. “நல்லா இருக்கறதுக்குப் போயி நீ வைத்தியம் பாத்துக்கினு இருக்க.”

பெரியப்பா தம் மொட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

புது ஹீட்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அத்தான் பெருமூச்சு விட்டு, இனி அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிட வேண்டியதுதான் என்றார். மன்னிப்புக் கேட்க அத்தையைத் தேடினேன். அவரை உட்கார வைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அத்தை குழியருகில் இருந்தார். மொட்டைகள் ஊற்றும் விதம் பிடிக்காமல் எப்போதோ எழுந்து வந்து, இடுப்பில் குடத்தோடு தொட்டிக்கும் குழிக்குமாகத் தாமே நடந்துகொண்டிருந்தார். குனிந்து ஊற்றினார்; நிமிர்ந்து தெருப் பெண்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினார்; குங்குமத்தைக் குழாயில் எந்தப் பக்கம் வைப்பது என்று எதிர்வீட்டு அம்மாவோடு மல்லுக்கு நின்றார்.

அத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, முட்டி?” என்றார்.

அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல் அத்தை தம் காலைப் பார்த்தார். “வலிக்கத்தான் வலிக்குது. அதுக்கு இன்னா இப்ப? கொடத்தப் புடி.”

அத்தான் குடத்தைப் பிடித்தார். டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. அந்த வாரம் அவர் தனியாகவே விமானம் ஏறினார்.

தொட்டியில் இப்போது வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்க வைக்கிறார்கள். குழிக்கு வெள்ளிக்கிழமை தோறும் விளக்கும் தண்ணீரும் தவறுவதில்லை. தெருவிலேயே காயாத எர்த் அதுதான். என் கூட்டங்கள் எந்த ஊரிலும் சாதிக்காதது. அத்தான் அதற்கு எர்த்தம்மா என்று பெயர் வைத்துவிட்டு, போனில் “பூசாரி சௌக்கியமா?” என்றுதான் என்னை விசாரிக்கிறார்.

போன மாதம் லைன்மேன் ஒருவர் எர்த்தைச் சோதிக்க வந்தார். குழியருகே வந்ததும் பயபக்தியோடு ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ரப்பர் செருப்பில்லாமல் கரண்ட் வேலையில் கை வைக்காதீர்கள் என்று மாவட்டம் முழுக்கச் சொல்லி வந்தவள் நான். தடுக்க வாயெடுத்தேன்.

அத்தை என் காலைப் பார்த்தார். நானும் கழற்றினேன்.