தூபக்கால் நிறுத்திய உலை

ஒரு குடும்பத்தில் முதலில் படித்தவனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சம்பளம் தரும் வேலை. மற்றொன்று, அது என்ன வேலை என்று வீட்டில் விளக்குவது. முதலாவதைச் சமாளித்துவிடலாம்.

மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், கிள்ளானில் எங்கள் சமையலறையில் நின்று விளக்கினேன். "நிலக்கரியை முழுசா எரிக்காம, காத்தைக் குறைச்சுக் கொடுத்து கேஸா மாத்துறோம்மா. அந்த கேஸ்ல பெரிய பெரிய சூளையெல்லாம் ஓட்டலாம்."

"கேஸுதான் கடையில தோங்ல அடைச்சு வருதே?" என்றார் அம்மா.

அப்பா லோரி ஓட்டுபவர். "அரைகுறையா எரிக்கிறதுக்கு டிகிரியா லா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். (நேர்முகத் தேர்வில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.)

எங்கள் உலை நன்றாகத்தான் ஓடியது. வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் செமினியில் டைல்ஸ் தொழிற்சாலை நடத்தும் மிஸ்டர் வோங், நேரில் ஓட்டிக் காட்டினால் யோசிக்கிறேன் என்றார். எங்கள் முதலாளி டாக்டர் சூசை, பிரிக்பீல்ட்ஸ்காரர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குணா, இவரு வாங்கிட்டா இது வியாபாரம். வாங்காட்டி இது பொம்மை. பொம்மைக்கு எஞ்சினியர் தேவையில்ல, புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. இறுக்கிய போல்ட்டையே மறுபடி இறுக்கினேன். எங்கள் உலையில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷவாயு. அது கசிந்தால் கண்டுபிடிக்கக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கருவி உண்டு. அளவு மீறினால் அபாயச் சங்கு அலறும், கரியும் காற்றும் நின்றுபோகும், உலை தானாக அணையும். அந்த அளவைத் தேவைக்கும் மிகக் கீழே இறக்கி வைத்தேன்.

"எதுக்குய்யா இவ்ளோ கீழ?"

"பாதுகாப்பு, டாக்டர்," என்றேன், பதக்கம் வாங்கப்போகிறவன் போல.

ஓட்டிக் காட்ட வேண்டிய வெள்ளிக்கிழமை காலை காரில் ஏறினால், பக்கத்து இருக்கையில் தூபக்கால். அம்மா அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் அப்பாவின் லோரிக்குச் சாம்பிராணி உண்டு. புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் காட்டினோம்.

"அவ்ளோ பெரிய மிஷினுக்குக் காட்டாம ஓட்டுவாங்களா? ராகு காலத்துக்கு முந்தியே காட்டிரு," என்றார் அம்மா.

காஜாங் பக்கம் ரோட்டில் ஜேம் என்று மிஸ்டர் வோங் தாமதமாக வந்தார். டாக்டர் அவருக்கு உலை வாயுவில் எரியும் நீலச் சுடரைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அம்மா.

"காட்டிட்டியா? மணி ஆவுது!"

நழுவினேன். உலைக்குப் பக்கத்தில் போகவில்லை, நான் என்ன முட்டாளா? காற்றின் திசை பார்த்தேன். விதிமுறைகளை மனதில் ஓட்டினேன். எல்லா வகையிலும் பாதுகாப்பான இடம் கட்டுப்பாட்டு அறையின் பின்சுவர் என்று முடிவு செய்து, கரித்துண்டுகளைப் பற்றவைத்து, சாம்பிராணி தூவினேன். தலைக்கு மேலே ஒரு வலைச்சட்டம் இருந்தது. அந்த அறைக்குக் காற்று இழுக்கும் வழி. (அதற்கு வரைபடம் போட்டவன் நான்தான்.)

சங்கு அலறியது.

சங்கு அலறினால் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடவேண்டும் என்பது எனக்கு மூளையில் அடித்த ஆணி. ஓடினேன். தூபக்காலோடு.

நீலச் சுடர் அணைந்திருந்தது. சங்கை நிறுத்தினேன். மறுபடி அலறியது. நிறுத்தினேன். அலறியது.

"எங்கேயோ கசியுது டாக்டர்! அளவு ஏறிக்கிட்டே இருக்கு! நீங்க எல்லாரும் வெளியே போயிடுங்க, நான் பார்த்துக்கிறேன்!"

டாக்டர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "குணா, நீ வெளிய வா. நீ வந்தா நின்னுரும்."

"உங்களை ஆபத்துல விட்டுட்டு நான் வரமாட்டேன்!"

"டேய், கையில என்னடா?"

பார்த்தேன். காற்று போதாமல், முழுசாக எரியாமல், கரி சிவப்பாகக் கனன்று, அதே விஷவாயுவைக் கக்கிக்கொண்டிருந்தது. பட்டம் படித்து நான் செய்துவந்ததை அம்மாவின் தூபக்கால் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

மிஸ்டர் வோங் சிரிக்கவில்லை. "எங்க சூளை பக்கத்துலயே சாமி மேடை இருக்கு, பாஸ். தினம் காலையில ஊதுவத்தி கொளுத்துவோம். உங்க மிஷின் தினம் காலையில நின்னுடுமா?"

அவர் கிளம்பிவிட்டார்.

டாக்டர் மாலை வரை உலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "சர்ச்சுல நாங்களும் சாம்பிராணி போடுவோம்யா. ஆனா சாமிக்கு," என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "அந்த ஆளு கேட்டது சரியான கேள்வி. மூட்டை கட்டாத. பதில் கண்டுபிடி," என்றார்.

கண்டுபிடித்தோம். அளவை உரிய இடத்துக்கு ஏற்றினோம். கூடுதல் கருவிகள் பொருத்தி, ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் கசிவு என்று சொன்னால்தான் உலை நிற்கும்படி மாற்றினோம். காற்று வழியைக் கூரைக்கு உயர்த்தினோம். எத்தனையோ முறை கெஞ்சியபின் மிஸ்டர் வோங் மறுபடி வந்தார், கையில் ஒரு கட்டு ஊதுவத்தியோடு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்திக்கொண்டு அறைக்குள் போய் நின்றார். நான் வெளியே நடந்தேன், திரும்பினேன், நடந்தேன். சுடர் நீலமாகவே எரிந்தது.

"போலே லா," என்றார். முடியும் என்று அர்த்தம். எங்கள் முதல் உலை செமினிக்குப் போனது.

எனக்கு வேலை நிரந்தரமானது. கூடவே, நுழைவாயிலில் என் பையை மட்டும் திறந்து பார்க்கும் வழக்கமும்.

அம்மா, தன் சாம்பிராணியால்தான் மிஷின் விற்றது என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். மறுக்க முடியவில்லை. அப்பாவோ வெள்ளிக்கிழமைகளில் அம்மா தூபக்காலோடு லோரியை நெருங்கியதும் அவசரமாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கிறார்.

"இரு இரு, நானே நிறுத்திடுறேன். இந்த லோரியையும் உன் மவன் செஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பான்."