சத்தியநாதன் கட்டிய புகைவீடு

ஆம்பூர் லெதர் கம்பெனி ஒன்றில் சத்தியநாதன் சூப்பர்வைசர். அங்கே அவர் லேசாகச் செருமினாலே ஒரு ஷிப்டு முழுக்க நிமிர்ந்து உட்காரும். வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் மனைவி ஜெயபுஷ்பம், "இருமலா? வாயத் திறங்க, பாக்கலாம்" என்பாள். அவள் வேலூரில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீடு திரும்பிய கையோடு அறிவித்தார்.

"புஷ்பம், பின்பக்கம் ஒரு புகைவீடு கட்டப்போறேன்."

"இன்னா வீடு?"

"புகைவீடு. கறிய உப்புல ஊறவெச்சு உள்ள தொங்கவிட்டு, புகையிலயே பதமாக்கறது. போன்ல பாத்தேன். வெளிநாட்டுல வீட்டுக்கு வீடு வெச்சிருக்கான்."

"வேணாங்க. தோல் ஷாப் நாத்தமே இப்பத்தான் கொஞ்சம் கம்மியா இருக்கு. நீங்க வேற புகை போடணுமா?"

வேணாங்க! இந்த ஒரு சொல்தான் சத்தியநாதனுக்கு ஆகாது. சரி என்று சொல்லியிருந்தால் மத்தியானத் தூக்கத்தோடு மறந்திருப்பார்.

"கட்டித்தான் தீருவேன். தோலப் பதப்படுத்தத் தெரிஞ்சவனுக்குக் கறியப் பதப்படுத்தத் தெரியாதா?"

"அப்ப அந்தப் பழைய செங்கல்லயாவது தொடாதீங்க."

சமையலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய செங்கல், துவைக்கிற கல்லுக்குப் போகும் வழியில் மலையாய்க் கிடந்தது. அதை அப்புறப்படுத்தச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்று இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கல் பாக்கியில்லாமல் அவரே சுமந்தார்.

"விறகுக்குன்னு அந்தக் கொய்யாக் கிளைய வெட்டிடாதீங்க. கூரைமேல சாஞ்சிருந்தா சாஞ்சிட்டுப் போவுது."

அடுத்த நிமிஷம் சத்தியநாதன் ஏணியில் நின்றார், கையில் அரிவாளோடு.

செங்கல்லும் சேறும் தகரக் கூரையுமாய் ஆள் உயரத்துக்குப் புகைவீடு எழும்பியது. அடுத்த ஞாயிறு மாட்டுக்கறியை நீள நீளமாய் அறுத்து, கொக்கியில் மாட்டி, தீ மூட்டிக் கதவைச் சாத்தினார். புகை உள்ளே தங்கப் பிரியப்படவில்லை. நேராக மதிலைத் தாண்டிப் போனது.

"அண்ணா!" பக்கத்து வீட்டு தில்ஷாத்தின் தலை மதிலுக்கு மேலே வந்தது. "இப்பத்தான் துவைச்சுப் போட்ட பெட்ஷீட்டு! மொத்தமும் பேஜாராப் போச்சு!"

"நான் இன்னாம்மா பண்றது? காத்து என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"வீட்லயே யாரும் கேக்கறதில்ல, காத்து கேக்குமா?" என்றாள் ஜெயபுஷ்பம்.

சாயங்காலம் கதவைத் திறந்தார். கறியாய் உள்ளே போனது கரியாய் வெளியே வந்தது. கத்தியை வைத்து அழுத்தினார். கத்திதான் வளைந்தது.

"கம்பெனிக்கு எடுத்துட்டுப் போங்க. ஷூவுக்கு அடி தைக்கலாம்" என்றாள் அவள். "வேணாங்க இந்த வம்பு. இடிச்சிடலாம்."

"இடிக்கிறதா? என்னைத் தாண்டித்தான் ஒரு கல்லு விழணும்!"

அடுத்த வாரமெல்லாம் அவர் வேறு சிந்தனையே இல்லாமல் கிடந்தார். நெருப்பைத் தள்ளி ஒரு குழியில் வைத்து, குழாய் வழியாகப் புகையை மட்டும் உள்ளே விட்டார். கொய்யாச் சிராய்களை நனைத்துப் போட்டார். காற்று எந்தப் பக்கம் என்று ஈர விரலைத் தூக்கிப் பார்த்தார். இந்தமுறை கறி செக்கச்செவேலென்று, நார் நாராய்ப் பிரிந்து வந்தது. பெட்ஷீட்டுக்காரியே கிண்ணத்தை நீட்டினாள்.

ஜெயபுஷ்பம் ஒரு துண்டு வாயில் போட்டாள். "சுமார்" என்றாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதைக் கேட்காமலே எடுத்தாள். சத்தியநாதனின் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

"ஆனா கிறிஸ்மஸுக்கு என் தம்பி சாமுவேல் குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாம் வருதுங்க" என்றாள். "அத்தன பேருக்கு உங்களால முடியாது. வழக்கம்போல நானே பிரியாணி போட்டுடறேன். நீங்க நடுவுல வராதீங்க."

"முடியாதா? எனக்கா? கறி, சோறு, தால்ச்சா, அத்தனையும் நான்தான்! நீ அடுப்பு பக்கமே வரக்கூடாது!"

"வேணாங்க, ஜாஸ்தி வேலைங்க..."

"பேசாத!"

கிறிஸ்மஸ் அன்று விடியலிலிருந்து புகைவீட்டுக்கும் அடுப்புக்கும் ஓடினார் சத்தியநாதன். கண் ரெண்டும் மிளகாய்ப் பழம். மீசையில் சாம்பல். ஜெயபுஷ்பம் புதுப் பட்டுப்புடவையில், கொய்யா மரத்தடியில், முக்காலிமேல் கால் நீட்டிக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, இன்னும் ரெண்டு பீஸ்!" என்று கூவினான் சாமுவேல். மாமா பெருமையோடு ஓடினார்.

தில்ஷாத் தட்டு வாங்க வந்தவள் ஜெயபுஷ்பத்தின் காதருகே குனிந்தாள்.

"அண்ணன எப்படிக்கா இதுக்கெல்லாம் ஒத்துக்க வெச்சீங்க?"

"நான் எங்க ஒத்துக்க வெச்சேன்? வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேக்கறாங்க?"

சத்தியநாதனுக்கு அது காதில் விழுந்தது. அடடா! சாட்சியோடு தோல்வியை ஒத்துக்கொண்டுவிட்டாள்! அவர் இன்னொரு அண்டாவைத் தனி ஆளாகத் தூக்கினார்.

தில்ஷாத் கொஞ்சநேரம் ஜெயபுஷ்பத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "இதோ பாருங்க, மாடித் தண்ணித் தொட்டிய நீங்க மட்டும் கழுவவே கூடாது, சொல்லிட்டேன்!"

"ஏன்? கழுவுனா இன்னா?" அவள் புருஷன் ஷாஹித் பாயின் குரல் எகிறியது.

சத்தியநாதனுக்கு ரத்தம் கொதித்தது. கரண்டியும் கையுமாய் மதிலோரம் ஓடினார்.

"விடாதீங்க பாய்! இப்பவே ஏறிக் கழுவுங்க!"