மரு வைத்த காத்தாடி

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். அவனைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு இன்டர்வல் அண்ணனைத் தெரியாது என்று அர்த்தம். மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையில், கொட்டுகிற மழை மாதத்தில், ஒரு வேன் நிறைய மேசைக் காத்தாடிகளை, அதாவது மின்விசிறிகளை, ஏற்றி வந்து விற்க நின்ற மனிதர் அவர். உலகம் தோன்றிய நாளிலிருந்து அப்படியொரு யோசனை அவர் ஒருவருக்குத்தான் வந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். குளிர் எப்படிப்பட்டது என்றால், காலையில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்லும் ‘உள்ளேன் டீச்சர்’ புகையாக வெளியே வரும். அந்தப் புகையைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அவரை நான் முதலில் பார்த்தது தோட்டத்துத் திடலில். மாதம் ஒருமுறை படம் காட்டும் வண்டி வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டி விடுவார்கள். லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுவதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அன்று ஓர் ஆள் மட்டும் அந்தத் துணிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் கூட்டத்தை இப்படி ஒருவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ரீல் மாற்றும் நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏங்க, எங்க மூஞ்சியில படமா ஓடுது?”

“ஆமா டீச்சர்,” என்றார், துளிக்கூட அசராமல். என் அதட்டலிலேயே என் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார். “துணியில ஓடுறது பழைய படம். நான் ஈப்போ டவுனுல நாலு தடவ பாத்துட்டேன். இங்க ஓடுறதுதான் புதுசு.”

“எதுக்கு?”

“யாவாரம் கத்துக்கத்தான். எந்த எடத்துல ஜனங்க கடலையத் திங்காம நிறுத்துறாங்க, எந்த எடத்துல பிள்ளைய மடியிலேருந்து எறக்கிவிட்டுட்டு முன்னுக்குச் சாயிறாங்க, அதப் பாத்தாப் போதும் டீச்சர். படம் எடுக்கிறவன விடப் பெரிய யாவாரி உலகத்துல கெடையாது. வெறும் வெளிச்சத்தக் காட்டிக் காசு வாங்கிட்டுப் போறான்லா.”

நாலு தடவை பார்த்தேன் என்று சொன்னாரே தவிர, அந்தப் படத்தின் கதை அவருக்குத் தெரியவே தெரியாது. நாலு தடவையும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்ததும் என்னிடம் வந்து, “டீச்சர், கடேசியில யாரு செத்தா? அந்தப் பக்கத்து லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல மூக்கச் சிந்துனாங்களே,” என்று விசாரித்தார்.

அவர் கீழே, ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஈப்போவில் மச்சானின் மின்சாமான் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அதுவரை எங்கள் லயத்தில் சாயங்காலம் சில மணி நேரம்தான் இன்ஜின் ஓடி விளக்கு எரியும். அந்த வருஷம் நாள் முழுக்கக் கரண்ட் வந்தது. ரப்பர் தோட்டத்தில் கரண்ட் வந்தால் மறுநாளே ஜனங்கள் வாங்குகிற முதல் சாமான் காத்தாடி. அதைக் கண்ணால் பார்த்த மனிதர், மலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மச்சானிடம் சொல்லி வண்டியை ஏற்றிவிட்டார். மலையில் குளிரும் என்ற தகவல் மலையேறும் பாதையின் தாப்பா வளைவுகளைத் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம். அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டபடியால் திரும்பவில்லை.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அவருக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். தீபாவளிக்குள் அத்தனை காத்தாடிகளும் விற்றுவிட்டால் மலையிலுள்ள தானா ராத்தா டவுனில் ஒரு கிளைக் கடை போட்டுத் தருவதாக மச்சான் சொல்லியிருந்தார். கடைப் பலகை தொங்கினால்தான் அவர் மனைவி சரசு மலையேறி வருவார். அதுவரை சரசு அண்ணன் வீட்டு மாடியில், இவர் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. “கல்யாணமாகியும் கதாநாயகி இன்னும் படத்துல வரல டீச்சர்,” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவருடைய வியாபாரப் பாடங்கள் இப்படி இருக்கும். கதாநாயகனை முதல் காட்சியில் காட்டக் கூடாது. முதலில் ஊர் படும் பாடு. அடுத்து வில்லன். அதன் பிறகு கதாநாயகனின் கால் மட்டும். கடைசியில்தான் முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வேனை நிறுத்தி, ஒரு காத்தாடியைச் சிவப்புத் துணியால் மூடிவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“தாய்மாரே, இந்த வெயிலு இருக்கே, பாவி வெயிலு, அது நம்மள ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்க விட்டிருக்கா?”

கூட்டத்தில் மாரியாயி அக்கா இருந்தார். ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவர். அன்று இரண்டு சுவெட்டர் போட்டு, அதற்கு மேல் புருஷனின் கோட்டையும் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்.

“எந்த வெயிலு தம்பி?” என்று கேட்டார். “அது இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சுலா.”

வில்லன் எடுபடவில்லை என்று தெரிந்ததும் இவர் தாய்ப்பாசத்துக்குத் தாவினார். “அக்கா, ஒங்களப் பெத்த தாயி வேர்வையில கெடந்து துடிச்சா ஒங்களுக்கு மனசு தாங்குமா?”

“எங்க ஆத்தாளுக்கு வேர்த்தா நான் மாரியாத்தாளுக்குப் பொங்க வச்சிருவேன் தம்பி. ஒடம்பு சூடு ஏறுனா நல்லதுதானே.”

இதற்கெல்லாம் கலங்குகிறவரா அவர்? சிவப்புத் துணியைத் தூக்கினார். முதலில் காத்தாடியின் கால். பிறகு கழுத்து. ஜனம் உண்மையாகவே முன்னால் சாய்ந்தது. முகம் தெரிவதற்கு ஒரு சாண் இருக்கும்போது துணியை மறுபடி இறக்கிவிட்டு, “இடைவேளை,” என்று சொல்லி வேனுக்குப் பின்னால் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பாதியில் நிறுத்தினால்தான் ஜனம் துடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய தலையாய பாடம். இன்டர்வல் அண்ணன் என்ற பெயரும் இதனால் வந்ததுதான். தேநீர் குடித்து, வாயைத் துடைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு நாய் மட்டும் கடைசிவரை பார்ப்பது என்று உட்கார்ந்திருந்தது.

இப்படியே எல்லா லயத்திலும் நடந்தது. ஒன்று சொல்ல வேண்டும், இடைவேளையில் தின்ன அவர் வைத்திருந்த கச்சாங் பூத்தே நன்றாக விற்றது. காகிதச் சுருளில் வறுத்த கடலை. காத்தாடி ஒன்றுகூட நகரவில்லை.

தீபாவளி நெருங்கியது. தானா ராத்தாவில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் கடைக்கு ரொட்டி வாங்கப் போனபோது, இன்டர்வல் அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பேசி முடித்தும் கீழே வைக்கவில்லை. நானா வந்து கையிலிருந்து வாங்கி வைத்தார்.

“மச்சான் வேன எறக்கச் சொல்லிட்டாரு டீச்சர். தீவாளிக்கு முந்துன வாரமே சரக்கோட வந்துறணுமாம்.” நானா நீட்டிய தேநீரை வாங்கிக் கல்லா மேலேயே வைத்தார். “சரசுகிட்ட குடுங்கன்னு கேட்டேன். அவ பேசமாட்டேன்னுட்டாளாம்.”

பள்ளிக்கூட மண்டபத்தை ஒரு ஞாயிறு தருகிறேன், அங்கே மழையும் இல்லை, பிளக்கும் இருக்கிறது, கடைசியாக ஒரு தடவை செய்து பாருங்கள் என்றேன். தலைமையாசிரியரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பிறகுதான் யோசித்தேன்.

அந்த ஞாயிறும் மழை. ஒதுங்க இடம் கிடைத்ததே என்று பெண்கள் வந்து நிறைந்தார்கள். இவர் ஊரின் துன்பம், வில்லன், தாய்ப்பாசம் எல்லாம் முறையாகச் செய்து, இந்த முறை முகத்தையும் காட்டி, காத்தாடியைச் சுழலவிட்டு, எல்லோரும் குளிரில் வெடவெடக்கும் நேரமாகப் பார்த்து, “இடைவேளை,” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

எங்கள் மலையில் மழை மாதத்தில் துணி காயாது என்பதைச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்பார்கள். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் சீருடையும் பாதி ஈரமாக, விறகுப் புகை வாடை அடித்துக்கொண்டிருக்கும். அன்று மாரியாயி அக்காவின் கூடையில் மகனுடைய பள்ளிக்கூடக் கால்சட்டை பிழிந்தபடியே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த காத்தாடிக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்சட்டையை விரித்துவிட்டார். சும்மா இருந்த காற்றை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தவர், “அடியே, காயிதுடி,” என்றார். அவ்வளவுதான். மழையையும் பார்க்காமல் பெண்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

இடைவேளை முடிந்து அண்ணன் திரும்பியபோது மண்டபம் டோபி வீடாகியிருந்தது. அவருடைய கதாநாயகனைச் சுற்றிப் பாவாடை, பனியன், குழந்தைத் துணி எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. மனிதர் முகம் சிவந்து, நேராகப் போய் காத்தாடியை நிறுத்தினார்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு குடுங்க,” என்றார் மாரியாயி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி.

“குடுக்க முடியாது.”

“எதுக்கு முடியாது?”

“தங்கச்சி, இது கதாநாயகன். இதுக்குக் கோவணம் காயவைக்கிற வேஷம் குடுக்க நான் மனுசனா?” என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். மாதக்கணக்கில் வாடிக்கையாளருக்குத் தவம் கிடந்த மனிதர், காசோடு நின்ற வாடிக்கையாளரைப் பார்த்து முடியாது என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“அண்ணே, இங்க வாங்க,” என்று ஓரமாக இழுத்துப் போனேன். “கதாநாயகன் கஷ்டத்துல மாட்டிக்கிட்டா என்ன செய்வான்?”

“சண்ட போடுவான்.”

“அதுக்கு முன்னால?”

அது அவருக்கு எப்படித் தெரியும்? படத்தைத்தான் அவர் பார்த்ததே இல்லையே.

“மாறுவேஷம் போடுவான். மீன்காரனா வருவான், வளையல்காரனா வருவான். கன்னத்துல ஒரு மரு வச்சிருவான், பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. வேஷத்துல இருந்தா கதாநாயகன் கதாநாயகன் இல்லன்னு ஆயிருமா?”

இன்டர்வல் அண்ணன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். “அந்த நேரத்துல ஜனங்க விசிலடிப்பாங்க டீச்சர்,” என்றார் மெதுவாக. “எதுக்குன்னு இம்புட்டு நாளு தெரியாமப் போச்சு.” பிறகு என் நெற்றியைப் பார்த்தார். “ஒங்ககிட்ட சாந்து இருக்கா?”

கறுப்புச் சாந்து பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு காத்தாடியின் நடுவட்டத்திலும், கொஞ்சம் இடது பக்கமாக, ஒரு மரு வைத்தார். மரு இல்லாமல் ஒன்றையும் கைமாற்றவில்லை. “துணி காயவைக்கிற மிஷினு, துணி காயவைக்கிற மிஷினு,” என்று அவர் கூவக் கூவ, மறுநாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும், அடுத்த நாள் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரியிலும் ஆட்கள் வந்து வாங்கினார்கள். வேன் காலியானது. அந்த வாரம் என் வகுப்பில் விறகுப் புகை வாடை இல்லை. எனக்கு மட்டும் நெற்றிக்கு வைக்கச் சாந்து இல்லை.

மச்சான் சொன்னபடி கடைப் பலகை தொங்கியது; தீபாவளிக்கு மறுநாள் சரசு வந்தார். பஸ் நிலையத்துக்கு நான், மாரியாயி அக்கா, லயத்துப் பெண்கள் சிலர் என்று ஒரு கூட்டமே போனோம். கதாநாயகி அறிமுகக் காட்சிக்கு அண்ணன் பெரிய ஏற்பாடு வைத்திருந்தார். கையில் ரோஜாப் பூங்கொத்து. அவர் இரண்டு வரி வசனம் சொல்வாராம், சரசு வெட்கப்படுவாராம். ஆனால் தாப்பா வளைவுகள் கதாநாயகியென்று பார்ப்பதில்லை. பஸ் நின்றதும், வெளுத்துப்போன முகத்தோடு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி ஒல்லியாக ஒரு பெண் இறங்கி, நேரே சாக்கடைப் பக்கம் போய் வாந்தியெடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஏங்க, இந்தக் குளிருல எவன் காத்தாடி வாங்குனான்?” என்று கேட்டார்.

அண்ணன் வசனத்தை மறந்து பூங்கொத்தை நீட்டினார். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. எத்தனை படம் ஓடினாலும் ஜனங்களின் முகத்தையே பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், அன்று எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாரியாயி அக்கா மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

நான் மலையிலிருந்து இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வெயில் கொளுத்தும் ஊரில் இருக்கிறேன். அவர் எனக்கென்று ஒன்றை ஒதுக்கிவைத்துக் கொடுத்த காத்தாடி மேசையில் இன்னும் ஓடுகிறது. வீட்டைச் சுத்தம் செய்ய வருகிற பெண் ஒவ்வொரு வாரமும், “நடுவுல ஏதோ அழுக்கு இருக்கும்மா,” என்று துணியை எடுத்துக்கொண்டு வருகிறாள். நான் துடைக்க விடுவதில்லை.