ஒரு நாற்காலிக்கு எவ்வளவு கார்பன்?

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாற்காலிக்கு எவ்வளவு கார்பன் என்று சொல்லியாக வேண்டும். அன்று திங்கட்கிழமை.

நாற்காலித் தொழிற்சாலையில் சாமான் வாங்கும் அதிகாரியை எல்லோரும் 'கறார்' என்றுதான் சொல்வார்கள். அவர் காதிலும் அது விழும். உள்ளூரப் பெருமைதான்.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பத்தாயிரம் நாற்காலி கேட்டிருந்தார். மரம் வெட்டியது முதல் லாரியில் ஏற்றியது வரை ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ கார்பனைக் காற்றில் விட்டது என்ற கணக்கு வந்தால்தான் ஆர்டர். கார்பன் விஷயமா, கறாருக்கு எழுதுங்கள் என்று முதலாளி போன மாதமே இணையதளத்தில் போட்டுவிட்டார். கணக்கு வந்தால் மேலாளர் பதவி என்றும் சொன்னார். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை, முறைத்தார்.

இரும்புக் கால்காரர் கணக்கைக் கொடுத்துவிட்டார். ஸ்க்ரூக்காரரும் கொடுத்துவிட்டார். உட்காரும் பலகை செய்கிறவர்தான் இழுத்தடித்தார்.

கறார் வழக்கம்போல் காலை டீயோடு மின்னஞ்சலைத் திறந்து, தெரியாதவர்கள் அனுப்பியதையெல்லாம் படிக்காமலே அழித்தார். வாங்குகிறவன் கேள்வி கேட்கலாம், பதில் எழுத வேண்டியதில்லை என்பது இருபது வருடக் கொள்கை. பிறகு பலகைக்காரரைப் போனில் பிடித்தார்.

"எங்க பலகையே மரத்தூளை அமுக்கிச் செய்யறதுதான் சார். தூளை ஒரு ஏஜென்ட் கொண்டு வர்றாரு. அவருக்குத் தூள் குடுக்கிற இடத்துல ஒருத்தர் மூணு வாரமா பதிலே போடலையாம்."

"அது உங்க தலைவலி. கணக்கு வர்ற வரைக்கும் ஒரு பலகைகூட எடுக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை பலகை லாரி வரவில்லை. எடுக்க மாட்டேன் என்றால் அனுப்ப மாட்டார்கள் என்பது கறாருக்கு அப்போதுதான் உறைத்தது. பலகை இல்லாத நாற்காலிகள் வரிசையாக நின்றன. உட்கார்ந்தால் நேரே தரைதான். முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கறார் உடனே பலகைக்காரரை அழைத்து, அந்த ஏஜென்டிடம் தூள் வாங்குவதை நிறுத்தும்படி யோசனை சொன்னார். தன்னால் வழிக்கு வருவார்களாம். பாவம், பலகைக்காரர் அப்படியே செய்தார்.

புதன்கிழமை பின்கட்டில் புதுத் தொல்லை. நாற்காலிக் கைப்பிடி அறுக்கும் இடத்தில் குப்பை அள்ளும் வண்டி வரவில்லை. குவியல் ஜன்னலைத் தொட்டது, ஆலை முழுக்க ஒரே தும்மல். மேஸ்திரி முறையிட வந்தார். உள்ளே வருகிற சாமான்தான் தன் பொறுப்பு, வெளியே போகிறதைத் தன்னிடம் கேட்காதே என்று கறார் அவரை விரட்டிவிட்டார்.

வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"காலையிலேருந்து நாலு மெசேஜ் போட்டேன். ஒண்ணுக்காவது பதில் உண்டா?"

"பதில் போடாத ஜென்மங்களால நான் படற பாடு உனக்கெங்க தெரியும்?" என்றார் கறார், நிஜமான துக்கத்தோடு.

வியாழக்கிழமை அவர் பொறுமை போய்விட்டது. பலகைக்காரருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். மூன்று வாரமாகப் பதில் போடாத அந்தப் பொறுப்பில்லாத ஆசாமி ஒரு நிறுவனத்தையே கவிழ்க்கப் பார்க்கிறான், அவனை உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும், இந்தக் கடிதத்தை அவனுடைய முதலாளி கையிலேயே சேர்க்க வேண்டும். முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். அவருக்கே புல்லரித்தது. அன்று நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை டீ வந்தது. நாலைந்து மின்னஞ்சலை அழித்திருப்பார். டெலிபோன் எடுக்கும் பெண் தும்மிக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க எழுதின லெட்டர் ஏஜென்ட் வழியா நம்ம முதலாளிக்கே வந்திருக்கு. அந்தத் தூளு நம்ம ஆலைத் தூளுதானாம், நீங்க கேட்டதெல்லாம் ரொம்ப நியாயம்னு சொல்லி உங்களைக் கூப்பிடறாரு."