மல்லாட்டை முந்தியும் நிரம்பிய மெமரியும்

எதையும் நிரம்பிய நிலையில் பார்க்க எனக்குப் பொறுக்காது. குப்பைக்கூடை முக்கால்வாசி ஆனாலே கொட்டிவிட்டு வருவேன். விருந்தாளி கடைசி வாய் காபியை விழுங்குவதற்குள் டம்ளருக்குக் கை நீட்டுவேன். (ஒருமுறை என் மேலதிகாரி கையிலிருந்தே பிடுங்கியிருக்கிறேன்.) இதற்குப் பெயர் சுறுசுறுப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஆரணியில் எனக்குத் தலைதீபாவளி வந்தது.

நான் கலசப்பாக்கத்துக்காரன். சென்னையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பும் வேலை. ஆனால் மாமியார் வீட்டில், "மாப்ளைக்குக் கம்ப்யூட்டர்னா தண்ணி பட்ட பாடு" என்று ஒரு பேச்சு உலவியது. (உலவவிட்டவன் நானே.)

அது பட்டுப்புடவை வீடு. முன்னறையில் பாய் விரித்து வியாபாரம். உள்ளறையில் என் மனைவி சுமதியின் அண்ணன் குமார், அதாவது என் மச்சான், கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் வரைவார். பண்டிகை முடிந்த கையோடு அவர் வரைந்துகொண்டிருந்தது, வெம்பாக்கத்துப் பெண் ஒருத்தியின் முகூர்த்தப் புடவைக்கான முந்தி. அவர்கள் வீட்டில் மல்லாட்டை விவசாயம். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.) மயில் வேண்டாம், மாங்காய் வேண்டாம், முந்தியில் மல்லாட்டைச் செடி வேண்டும், வேரில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அன்று மதியம் அம்மாவோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பிடித்துவிட்டால் தை மாதக் கல்யாணத்துக்கான அத்தனை புடவைகளும் இங்கேதான். இல்லாவிட்டால் காஞ்சிபுரம்.

காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்த மச்சான் சாப்பிட எழுந்தார். "இன்னான்னு தெர்ல மாப்ள, இன்னிக்கு மெஷின் கொஞ்சம் மெதுவா போவுது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். சரிசெய்து கொடுங்கள் என்று என்னிடம் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். என் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனாலும் மெமரி எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் ஜன்னலைத் தேடித் திறந்துவிட்டேன். பார்த்தால், பட்டை கிட்டத்தட்ட முழுக்க நிரம்பியிருக்கிறது! எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. 'கேஷ்' என்ற பெயரில்தான் பெரும்பகுதி போயிருந்தது. அது என்ன ஏது என்று படிக்கும் பொறுமை இருந்தால் நான் ஏன் நானாக இருக்கப் போகிறேன்? கேஷைக் காலி செய்ய ஒரு கட்டளையை இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்தார். மானிட்டரிலேயே ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு அதை அடித்தேன். பட்டை சரசரவென்று இறங்கியது. அடடா, என்ன ஆனந்தம்!

ஆனந்தம் நீடிக்கவில்லை. மெஷின் முன்னைவிட மெதுவானது, பட்டை மறுபடி ஏறியது. மறுபடி அடித்தேன். மறுபடி ஏறியது. பக்கத்தில் 'ஸ்வாப்' என்று இன்னொரு பட்டையும் பாதி நிரம்பிக் கிடந்தது. மெமரி போதாதபோது ஒதுங்கிக்கொள்ள ஹார்ட் டிஸ்க்கில் விட்டுவைத்திருக்கும் இடம் அது. அதை நான் அணைத்தேன். அணைத்த கையோடு, அடுத்து எதைக் காலி செய்யலாம் என்று தேட ஏகப்பட்ட இணையப் பக்கங்களைத் திறந்தேன்.

திரை உறைந்தது. மவுஸ் அசையவில்லை. சிறிது நேரம் கழித்து உயிர் வந்தபோது மச்சானின் டிசைன் ஜன்னலைக் காணோம்.

நடந்தது இதுதான்: இப்போதுதான் மெமரி நிஜமாகவே தீர்ந்து போயிருந்தது, ஒதுங்கவும் இடமில்லை. அந்த நிலையில் லினக்ஸ், ஓடிக்கொண்டிருப்பதிலேயே அதிக மெமரி பிடித்திருக்கும் பெரிய ஆளாகப் பார்த்துத் தீர்த்துக்கட்டும். கொன்றது லினக்ஸ்தான். கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நான்.

மச்சான் கை கழுவிக்கொண்டு வந்தார். கடைசியாகச் சேமித்திருந்ததைத் திறந்தார். செடி இருந்தது, இலை இருந்தது, வேர் இருந்தது. ஒரு காய்கூட இல்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தலைதீபாவளி மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. அவர் முகம் அரக்கு நிறத்துக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல மாப்ள. நீங்க போயி அவுங்களுக்குப் பொடவ காட்டிகினு இருங்க. நான் ஜல்தியா வரஞ்சிட்றேன்," என்றார்.

போனேன். சுமதி எடுத்துக் கொடுக்க நான் விரித்தேன். ஒன்று, இரண்டு, பாய் முழுக்கப் புடவை. நிரம்பிய பாயைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? அம்மாவும் பெண்ணும் ஒன்றைப் பார்க்கும்போதே பக்கத்தில் கிடந்ததை மடித்து வைத்தேன்.

"அந்த அரக்கு எங்க?" என்றார் அந்த அம்மா.

விரித்தேன். அவர் பச்சைக்குத் திரும்பியதும் அரக்கை மடித்தேன். "ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்கணும்பா," என்றார். அரக்கை விரித்தேன், பச்சையை மடித்தேன். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"வாடி, காஞ்சிபுரத்துலயே பாத்துக்கலாம். நாம பாக்க சொல்லவே மடிச்சிகினு இருக்காரு. எப்படா கெளம்புவாங்கன்னு இருக்குது போல."

சுமதிதான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயோ, உக்காருங்கம்மா! இவரு கடைக்காரர் இல்லீங்க, என் வீட்டுக்காரர். தெரியாம பண்ணிட்டாரு." பிறகு நான் மடித்ததையெல்லாம் உதறி விரித்துக்கொண்டே என்னிடம் சீறினாள். "விரிச்சத ஏங்க மடிக்கிறீங்க? மறுபடி கேட்டா சட்டுனு எடுக்கத்தானே விட்டு வெக்கிறது? வேற யாராவது வந்தா ஓரமா தள்ளுனா எடம் வந்துட்டுப் போவுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதுதானே கேஷ்! ஒருமுறை எடுத்ததை, மறுபடி கேட்டால் உடனே கொடுக்க லினக்ஸ் விரித்து வைத்திருக்கிறது. புதிதாக யாருக்காவது இடம் தேவைப்பட்டால் தானே ஒதுக்கிக் கொடுக்கும். அதைப் போய் மடித்து மடித்து வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலிலேயே, 'இன்னும் இவ்வளவு இடம் கிடைக்கும்' என்று தனியாக ஓர் எண் இருந்ததாம். யார் பார்த்தார்கள்?

இதற்குள் அந்தப் பெண் உள்ளறைக்குப் போய்விட்டாள். அவள் குரல் கேட்டது. "இன்னா அண்ணா, செடியில காயே காணோம்?"

"எங்க மாப்ள அறுவடை பண்ணிட்டாருமா," என்றார் மச்சான்.

அவள் சிரித்த சிரிப்பு முன்னறை வரை கேட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய் எப்படித் தொங்கும் என்று அவளே சொல்லச் சொல்ல மச்சான் வரைந்தார். நல்ல வேளை, புடவை எல்லாம் எங்களுக்கே வந்தது.

தை மாதம் வெம்பாக்கத்தில் கல்யாணம். மல்லாட்டை முந்தியோடு பெண் மணையில் உட்கார்ந்ததைப் பார்த்து நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். பந்தியில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இலையில் வடை, கூட்டு, அப்பளம், சாம்பார் சாதம். முதல் கவளத்தை வாயில் வைத்திருப்பேன், அவர் கை குறுக்கே வந்தது. என் இலையை, இருந்ததெல்லாம் இருக்க, பாந்தமாக மடித்தார்.

"ரொம்பிப் போச்சி மாப்ள. அதான் காலி பண்ணிட்டேன்."

தீபாவளியிலிருந்து சேர்த்து வைத்த கோபம். மடித்த இலையை எல்லோர் முன்னாலும் பிரிக்கவா முடியும்? பாயசம் இரண்டு ஆள் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பசியோடு எழுந்தேன்.

இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷங்களில் நான் பந்தியில் உட்கார்ந்தால் ஆரணியே திரும்பிப் பார்க்கிறது. வலது கையால் சாப்பிடுகிறேன். இடது கை இலை நுனியைப் பிடித்தபடியே இருக்கிறது.