யானை அண்ணாச்சி திறந்துவிட்ட இரண்டாவது வாசல்

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. அது நான்தான். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் கட்டுரை எழுதுவேன்.

எங்கள் காட்டில் எல்லோரும் வைத்திருப்பது யானை அண்ணாச்சி விற்கும் போன். நல்ல போன்தான். ஆனால் எந்தச் செயலியைப் போட வேண்டுமானாலும் அண்ணாச்சியின் கடை வழியாகத்தான் போட முடியும். அங்கே செயலி விற்பவர்கள் பத்துப் பழம் சம்பாதித்தால் மூன்றை அவரிடம் தர வேண்டும். ஏன் என்று கேட்டால், "பாதுகாப்புக்கு" என்பார்.

தூக்கணாங்குருவி செவ்வந்தி ஒரு செயலி செய்திருந்தாள். மரத்தில் பாம்பு ஏறினால் கூட்டில் இருக்கும் போன் அலறும். மூன்று பழம் தர மாட்டேன் என்று அவள் சொன்ன அன்றே அது கடையிலிருந்து காணாமல் போனது. போனில் மற்றக் கடைகளுக்கும் ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று அவள் ஆமை நீதிபதியிடம் வழக்குப் போட்டாள். பறவைகள் முட்டையிடும் பருவத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அண்ணாச்சி சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார்: பத்துக்கு நான்கு தந்தால் நாளைக்கே செயலி திரும்பி வரும்.

செவ்வந்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. ஒத்துக்கட்டுமா, காத்திருக்கட்டுமா?"

நான் ஒரு வரைபடம் வரைந்தேன். அதில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கிப் போனது. ஏன் மேலே போகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

"காத்திரு. தீர்ப்பு உனக்குத்தான். வாசல் திறந்ததும் காடே வெளியே ஓடி வரும்."

"காடேவா?"

"குறைச்சலாச் சொன்னா ஆயிரம் பேர்."

கணிப்பில் பாதி பலித்தது. ஆமை, யாரும் எதிர்பாராத விதமாக, ஐந்தே வாரத்தில் தீர்ப்புச் சொன்னார்: அண்ணாச்சியின் போனில் மற்றவர்களின் கடைகளுக்கும் வழிவிட வேண்டும். அண்ணாச்சியின் வக்கீல் நரி எழுந்து, "யாருக்குமே தேவைப்படாத வாசலை எதற்குத் திறந்து வைப்பது, ஐயா?" என்றது. ஆமை யோசித்து ஒரு வரி சேர்த்தார். வரும் பௌர்ணமிக்குள் பத்துப் பேராவது வெளிக்கடையிலிருந்து ஒரு செயலி போட்டால் உத்தரவு நிலைக்கும், இல்லையென்றால் ரத்து.

பத்து! நான் சிரித்தேன். கட்டுரையிலும் சிரித்தேன்.

செவ்வந்தி உடனே ஒரு வெளிக்கடை திறந்தாள். அண்ணாச்சி உத்தரவுக்கு அப்படியே கட்டுப்பட்டார். 'அமைப்புகள்', 'மற்றவை', 'இன்னும் மற்றவை' என்று ஏழு பக்கம் தாண்டினால் வெளிக்கடைக்கு வழி இருந்தது. ஏழாம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "இதற்குப் பிறகு புலி வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருந்தது. இன்னொன்றும் செய்தார். வெளிக்கடைக்குப் போனவர்கள் அனுப்பும் செய்தி மட்டும் எல்லோருடைய போனிலும் சருகு நிறத்தில் தெரியும். மற்றவர்களுடையது வழக்கம்போலப் பச்சை. "ஓர் அடையாளத்துக்குத்தான்" என்றார்.

புலியை எங்கள் காடு பொறுத்துக்கொண்டிருக்கும். முதலில் போன கீரி, குடும்பக் குழுவில் காலை வணக்கம் போட்டது. சருகு நிறம். உடனே அதன் சித்தப்பா கேட்டார்: "என்னப்பா, வேலை போயிடுச்சா?" அடுத்துப் போனது மான். அதற்குப் பேசி முடித்திருந்த சம்பந்தக்காரர்கள், "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள்.

பௌர்ணமி அன்று மாலை கணக்கு ஒன்பதில் நின்றது. அதில் ஏழு பேர் செவ்வந்தியின் சொந்தக்காரர்கள்.

அவள் என் வளைக்கு வந்தாள். "அக்கா, இன்னும் ஒருத்தர்தான் வேணும். நீங்க முதல் நாளே போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"போடத்தான் இருந்தேன். எழுத்து வேலை."

"இப்பப் போடுங்க. நான் இருக்கேன். எங்க அக்கா கூட்டுல மூணு முட்டை வந்தாச்சு."

ஒவ்வொரு பக்கமாகத் தாண்டினேன். ஏழாம் பக்கம் வந்தது. 'சம்மதம்' மேல் விரல் போனது. அந்த நேரம் பார்த்து முயல் குடும்பக் குழுவில் பெரியம்மா கேட்டார்: "நாளைக்கு வளைகாப்புக்கு யார் யார் வர்றீங்க?" வரிசையாகப் பதில்கள் விழுந்தன. எல்லாம் பச்சை. அடுத்தது என் முறை. அது சருகு நிறத்தில் விழுந்தால் பெரியம்மா என் அம்மாவுக்குப் போன் செய்வார். அம்மா எனக்குச் செய்வாள்.

"சார்ஜ் இல்லை, செவ்வந்தி" என்றேன்.

எண்பது சதவீதம் இருந்தது. திரை அவள் பக்கம்தான் இருந்தது.

"சரிக்கா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை உத்தரவு ரத்தானது. அவள் நேராக அண்ணாச்சியிடம் போனாள். "அன்னைக்கு நாலுன்னு சொன்னேன்மா. இன்னைக்கு அஞ்சு" என்றார் அவர். கையெழுத்துப் போட்டாள். முட்டைகள் பிழைத்தன. அவள் வாசல் திறந்து வைத்திருந்த வெளிக்கடையில் இப்போது ஓர் ஓணான் குடியிருக்கிறது.

நான் அன்றே எழுத உட்கார்ந்தேன். "வெளிக்கடை ஏன் தோற்றது: ஐந்து காரணங்கள்." நீதிமன்றத்தின் அவசரம், நரியின் தந்திரம், ஏழு பக்கங்கள், சிவப்பு எழுத்து, கடைசியாகக் காட்டு மக்களின் கோழைத்தனம். கடைசிக் காரணத்தைத்தான் விரிவாக எழுதினேன். காட்டில் எல்லோரும் அதைப் படித்துப் பாராட்டினார்கள். அண்ணாச்சியே நாலு பேருக்கு அனுப்பினாராம்.

செவ்வந்தியும் படித்திருக்கிறாள். வழியில் பார்த்தபோது, "நல்லா இருந்துச்சுக்கா. ஆனா அஞ்சோட நிறுத்திட்டீங்களே" என்றாள்.

நீதி: எந்தத் தோல்விக்கும் ஐந்து காரணங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது, ஆறாவது காரணம் பெரும்பாலும் கட்டுரை எழுதியவராகவே இருக்கும்.